ஓர ஆங்கிள் யார் கணக்கில்?

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்கக் கட்டடங்களுக்கு ஸ்டீல் டீடெய்லிங், அதாவது ஒவ்வொரு ஸ்டீல் துண்டையும் எப்படிச் செய்து எங்கே பொருத்துவது என்று டிராயிங் போடும் வேலை, செய்கிறவர்களில் நானும் ஒருவன். அங்கே கிடங்கு, பள்ளிக்கூடம், பெரிய கடை எதுவானாலும் கூரை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பீம்களின் மேல் ஓப்பன் வெப் ஜாய்ஸ்ட் (மேலும் கீழும் கம்பி, நடுவில் சாய்வுக் கம்பிகள் கொண்ட இலகுவான உத்தரம்), அதன்மேல் ஒன்றரை அங்குல மெட்டல் டெக் (மடிப்பு மடிப்பான இரும்புத் தகடு). டெக் முடிகிற ஓரத்தில் சுற்றிவர ஓர் ஆங்கிள், அதாவது L வடிவ இரும்பு, ஓடும். டிராயிங்கில் அது வெறும் கோடு. ஆனால் என் நேரத்தை அதிகம் தின்பது அந்தக் கோடுதான்.

காற்று கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது கூரை முழுவதும் படுக்கப்போட்ட ஒரு பீமாக வேலை செய்கிறது. பல இடங்களில் அந்த பீமுக்கு ஃபிளேஞ்ச் (விசையைத் தாங்கும் விளிம்புப் பட்டை) இந்த ஆங்கிள்தான். ஒரு பக்கம் இழுவிசை, எதிர்ப்பக்கம் அழுத்தவிசை. அதனால் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விசை கடந்துபோக ஸ்பிளைஸ், அதாவது இரண்டையும் சேர்க்கும் இணைப்பு, வேண்டும். அருகருகே வைத்துவிட்டால் போதாது.

சரி, ஆங்கிளை ஜாய்ஸ்ட்டோடு சேர்ப்பது யார்? அமெரிக்க ஸ்பெசிஃபிகேஷனில் ஸ்டீல் ஃபிரேமுக்கு 05 12 00, ஜாய்ஸ்ட்டுக்கு 05 21 00, டெக்குக்கு 05 31 00 என்று தனித்தனிப் பிரிவுகள். பெரும்பாலும் சப்ளையரும் வேறு வேறு ஆட்கள். ஆங்கிள் ஒருவரிடமிருந்து வரும், அது உட்காரும் ஜாய்ஸ்ட் இன்னொருவருடையது. நடுவில் இருக்கும் வெல்டைப் பற்றி மூவரும் பேசாமல் இருந்துவிட முடியும். நான் பார்த்த ஒரு வேலையில் அப்படித்தான் விட்டிருந்தார்கள். கடைசியில் சைட்டில் ஸ்டீலைத் தூக்கி நிறுத்தும் எரெக்டர்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஜாய்ஸ்ட்டுகள் ஓரத்துக்குக் குறுக்காக வந்தால் தொல்லை குறைவு. ஒவ்வொரு ஜாய்ஸ்ட் முனையிலும் ஆங்கிளை வைத்து சைட்டிலேயே ஃபீல்டு வெல்டு போட்டுவிடலாம். இணையாக ஓடும்போதுதான் தலைவலி. ஜாய்ஸ்ட்டை மேல்நோக்கிச் சற்று வளைத்தே செய்கிறார்கள், அதற்குப் பெயர் கேம்பர். 40 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 5/8 அங்குலம், 60 அடிக்கு 1½ அங்குலம். பக்கத்தில் சுவரோடு ஓடும் ஆங்கிளோ மட்டமாக இருக்கிறது. நடுவில் டெக் ஆங்கிளைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். தொடாத இடத்தில் ஸ்குரூவோ வெல்டோ எப்படிப் பிடிக்கும்?

சுவரே இல்லாமல் ஓர ஜாய்ஸ்ட்டிலிருந்தே ஆங்கிளைத் தொங்கவிட்டு, அதில் முகப்பு பேனலையும் ஏற்றச் சொல்லும் டிராயிங்குகளும் வருகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. ஜாய்ஸ்ட் முறுக்கு விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அங்கே ஒரு வைடு ஃபிளேஞ்ச் பீம் (I வடிவ முழு பீம்) கொடுங்கள், இல்லையென்றால் கிக்கராவது (சாய்வாக முட்டுக்கொடுக்கும் துண்டு) காட்டுங்கள் என்று ஆர்.எஃப்.ஐ., அதாவது எழுத்துமூலமான விளக்கக் கேள்வி, போட்டுவிடுவேன். செலவு கூடும்தான், ஆனாலும் கேட்பேன்.

அப்புறம் வெல்டு அளவு. சிறிய ஜாய்ஸ்ட்டுகளின் மேல் கார்டு, அதாவது மேல்பக்க நீள உறுப்பு, மெல்லிய ஆங்கிள்கள். கே சீரிஸ் என்ற சிறிய வகை ஜாய்ஸ்ட்டை பீமில் உட்காரவைக்கவே 1/8 அங்குலத்தில் 2½ அங்குல நீள வெல்டு இரண்டுதான் குறைந்தபட்சத் தேவை. அதே கார்டில் ஓர ஆங்கிளுக்கு 1/4 அங்குல வெல்டு என்று பழக்கத்தில் எழுதினால், வெல்டர் கார்டையே எரித்து ஓட்டை போட நேரும். ஆகவே ஜாய்ஸ்ட் சப்ளையரின் டிராயிங்கில் கார்டின் தடிமனைப் பார்க்காமல் நான் வெல்டு சிம்பல் வைப்பதில்லை. அது கைக்கு வரும்வரை அந்த செக்‌ஷனை ‘ஹோல்டு’ (இன்னும் முடிவாகவில்லை) என்று குறித்து, கூடவே ஆங்கிள் முடிந்த பிறகே டெக் விரிக்க வேண்டும் என்ற வரியையும் எரெக்‌ஷன் டிராயிங்கில் சேர்த்து அனுப்புகிறேன்.