எதிர் புளோக்கில் மட்டும் பெய்த மழை

இன்று மாலை சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மூங்கில் கம்புகளில் தொங்கிய துணிகள் உலர்ந்தே இருக்க, சாலைக்கு அப்பால் உள்ள புளோக்கின் துணிகள் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன.

ஒரு சாலையின் அகலத்தில் முடிந்துபோன மழை அது.

உலகப் பருவநிலை மாதிரிகள் என்பவை பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி நிரல்கள். அவை பலவற்றில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் நீளும் சிங்கப்பூர் முழுவதும் அதனுள் அடங்கிவிடும். மேகத்துளியோ கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் உருவாகிறது. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை 401க்கு உயர்த்திய புகைமூட்டத்திலும் அத்தகைய துகள்கள் இருந்தன. துகள்கள் பெருகினால் அதே நீர் பல சிறு துளிகளாகப் பிரிகிறது. மேகம் கூடுதல் வெயிலைத் திருப்பியனுப்புகிறது, மழை தாமதமாகலாம்.

இதை ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கிடுவதுதான் பெரும்பாடு. அண்டைக் கட்டத்தைப் பெரிதும் எதிர்பாராத, ஒரே வடிவிலான கணக்கு என்பதால், என் மகன் விளையாட்டுக்காகக் கேட்டு நச்சரிக்கும் கிராஃபிக்ஸ் அட்டையின் இனத்தைச் சேர்ந்த செயலிகள் ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒருசேரக் கையாளுகின்றன. ஆயினும் முதன்மைச் செயலிக்கும் அட்டைக்கும் இடையே தரவு ஓயாமல் போய்வந்தால், மிச்சமான நேரம் அந்தப் பயணத்திலேயே கரைந்துவிடும். ஆகவே கணக்கை முடிந்தவரை அட்டையிலேயே தங்கவைக்கிறார்கள்.

எதிர் புளோக் அம்மா துணிகளை மீண்டும் பிழிந்துகொண்டிருக்கிறார்.