டை ராடு எண்டு மாற்றிய கதை

ஜூலை 6, 2024, சனி

பள்ளத்தில் இறங்கினாலே முன் இடது பக்கம் 'டக்' என்கிறது. ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பிய பிறகுதான் வண்டி திரும்புகிறது. அப்பா ஆசையாக வாங்கிய 1999 மாருதி 800, அதை இப்படியே ஓட்ட மனசு வரவில்லை.

மாலையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. பக்கவாட்டில் பிடித்ததும் ஆடியது. தம்பியை ஆட்டச் சொல்லிவிட்டு டை ராடு எண்டின் மேல், அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையில் இருக்கும் குண்டு மூட்டின் மேல், விரலை வைத்தேன். உள்ளே குண்டு தட்டுவது விரலுக்கே தெரிந்தது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருச்சேறு.

ஜூலை 8, திங்கள்

சென்னை ஜி.பி. ரோட்டில் இரண்டு பக்கத்துக்கும் புது எண்டு வாங்கினேன். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். மற்ற சாமான் என்றால் சரி, ஸ்டீயரிங்கில் பழசு வேண்டவே வேண்டாம்.

ஜூலை 13, சனி

எண்டைக் கம்பியில் நகராமல் பிடிக்கும் லாக் நட்டு அசையவே இல்லை. துரு எண்ணெய் அடித்து, ஒரு காபி குடித்துவிட்டு வந்ததும் இளகியது. குண்டுத் தண்டின் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னை உருவி, அந்த நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரையில் விட்டு வைத்தேன். அப்புறம் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் எண்டு மாட்டியிருக்கும் காதில், பக்கவாட்டில் சுத்தியலால் மூன்று அடி. நான்காவது அடியில் 'டப்' என்று விட்டது. எண்டின் மரைமுனையில் மட்டும் அடிக்கக் கூடாது, மரை நசுங்கிவிடும்.

பழைய எண்டைக் கழற்றும்போது அப்பா பக்கத்தில் நின்று சுற்று எண்ணினார்: பதினாறரை. புதியதையும் அதே பதினாறரை சுற்று ஏற்றினேன். நட்டை இறுக்கினால் குண்டும் சேர்ந்து சுற்றியது. எண்டுக்கு அடியில் ஜாக்கியை லேசாக முட்டுக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டது. ஸ்பிலிட் பின் நுழையும் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்பிலிட் பின்னும் புதுசுதான்.

வலது பக்கம் அரை மணியில் முடிந்தது.

ஜூலை 14, ஞாயிறு

சத்தம் இல்லை. ஸ்டீயரிங் மட்டும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நின்றது. எவ்வளவு எண்ணி ஏற்றினாலும் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். காலையிலேயே போய்ப் பார்த்து, லாக் நட்டை அங்கேயே இறுக்கச் சொன்னேன். வரும்போது அப்பாதான் ஓட்டினார். அதே பள்ளத்தில் வேண்டுமென்றே ஒருமுறை இறக்கிக் காட்டினார்.