வில்லுப்பாட்டுக் குடமும் மாடி அறைச் சப்வூஃபரும்

தாழ்ந்த தொனிகளுக்கென்றே தனியாக வரும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட்ஸ், எத்தனை அங்குலம் என்றுதான். அறையின் நீளம் எத்தனை அடி, சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்று அதற்கு முன்பே கேளுங்கள் என்று நான் சொல்வேன். நடுத்தர அளவுள்ள அறைக்குப் பத்து அங்குலப் பெட்டி ஒன்று தாராளமாகப் போதும். அதை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடுகிறது.

என் அறை நாகர்கோவில் பார்வதிபுரத்தில், வீட்டின் மாடியில் இருக்கிறது. 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். தக்கலையில் அம்மாவின் பழைய வீடு ஓட்டு வீடு, மரத்தட்டு போட்டது. அங்கே எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் பேஸ், அதாவது தாழ்ந்த தொனி, மெலிந்துதான் கேட்கும். பலகை அதிர்ந்து கொஞ்சத்தைக் குடித்துவிடும், மீதி ஓட்டிடுக்கு வழியாகப் போய்விடும். கான்கிரீட் அதிகம் வெளியே விடாது, வந்த ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். ஓட்டு வீட்டில் பேஸ் போதவில்லை என்பது குறை. தளம் போட்ட வீட்டில் பேஸ் அடங்க மறுப்பதுதான் குறை.

இதை எனக்கு விளங்க வைத்தவர் அப்பா. அகஸ்தீஸ்வரம் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றில் அவர் பல காலம் குடம் அடித்தவர். முத்தாரம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்று கோயில் திருவிழாக்களுக்கு ஊர் ஊராகப் போனவர். கொடை நடக்கும் ஊரில் தெருக்கோடி வரை கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். அந்தக் கூம்பு சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கொண்டுபோகாது. அதனால் தூரத்தில் இருப்பவர்களுக்கு வில்லின் மணியும் உடுக்கையும் முதன்மைப் பாடகரான அண்ணாவியின் குரலும் கேட்கும், குடத்தின் ஆழம் கேட்காது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் குடத்தின் வாயில் விழும் அடியிலிருந்து எழும்பும் அந்தக் காற்றின் முழக்கம் நெஞ்சில் வந்து தட்டும். சிறுவயதில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட அந்த ஒலி வீட்டுக்குள் கேட்க வேண்டும். நான் சப்வூஃபர் வாங்கியதே அதற்காகத்தான்.

பெட்டி வந்ததும், கையேடு சொன்னபடி முன்பக்க மூலையில் வைத்து, அப்பா வாசித்த பதிவு ஒன்றைப் போட்டேன். சற்று நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “இது குடம் இல்லை மக்களே. அண்டாவைத் தட்டியதுபோல இருக்கிறது. அடி நின்ற பிறகும் ஒலி நிற்கவில்லையே.”

ஒலி போதாது என்றோ அதிகம் என்றோ அவர் சொல்லவில்லை. நிற்கவில்லை என்றார். பேஸைச் சரிசெய்வது என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் நான் எங்கும் கேட்டதில்லை.

காரணம் எளிய கணக்குதான். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும். என் அறையின் நீளம் 4.27 மீட்டர். போய்த் திரும்பும் தூரம் 8.5 மீட்டர் என்றால் 41 ஹெர்ட்ஸ் அலை அதற்குள் அச்சாகப் பொருந்தி, இரண்டு சுவருக்கும் இடையே நின்று முழங்கும். அதன் இரட்டையான 82 ஹெர்ட்ஸும் அப்படியே. அகலம் 52, உயரம் 57 என்று தம் பங்குக்கு முழங்கும். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை வெறுமனே மீட்டினால் வருவதும் 41 ஹெர்ட்ஸ்தான். எண்பதுகளின் திரைப்பாடல்களைப் போடும்போது ஒரு சுரம் மட்டும் அறையையே நிரப்பிக்கொண்டு நின்றதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பாட்டில் அந்தச் சுரம் மற்றவற்றோடு அளவாகத்தான் வருகிறது. அதைப் பெருக்குவது அறை.

மூலையில் வைத்த பெட்டி இந்த முழக்கங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளப்பிவிடும். வேறு இடம் கண்டுபிடிக்கப் பழைய முறை ஒன்று இருக்கிறது. பெட்டியைத் தூக்கி, நாம் உட்காரும் நாற்காலி இருக்கும் இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட வேண்டும். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போய், எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலி அங்கிருந்து இங்கே வருவதும் இங்கிருந்து அங்கே போவதும் ஒன்றே என்பதால் இது பலிக்கிறது. எனக்குக் கிடைத்த இடம் இடதுபுறச் சுவர், முன்சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நாற்காலியையும் பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி முன்னால் இழுத்தேன். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் 41 வீங்கும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே 41 காணாமல் போகும். மூன்றில் ஒரு பங்கில் 41, 82 இரண்டும் அளவாக இருக்கும்.

எந்தத் தொனிக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். ஹோம் தியேட்டர்களுக்கான டிஎச்எக்ஸ் தரத்திலும் அதுதான். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுகொள்ளாது. என் பெட்டி பக்கவாட்டில் இருப்பதால் இது மிகவும் முக்கியம். 120-க்கு ஏற்றிப் பார்த்தால் பாடகரின் குரலே கனத்து இடதுபக்கம் சாய்கிறது. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் கிராஸ்ஓவர் வைத்தாயிற்று என்றால் பெட்டியின் பின்னால் உள்ள அதே குமிழை முழுவதும் மேலே ஏற்றிவிடுங்கள். இரண்டு வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வேண்டாம்.

அடுத்தது ஃபேஸ், அதாவது ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒரே நேரத்தில் காற்றைத் தள்ளுகின்றனவா என்பது. எத்தனையோ வீடுகளில் இதைத் தொடாமலே விட்டிருப்பதைப் பார்த்து எனக்கு மனம் வருந்தும். வயிறு பெருத்த குடத்தின் காற்று முழக்கம் 100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். ஸ்பீக்கரிடமிருந்து சப்வூஃபர் வேலையை வாங்கிக்கொள்ளும் எல்லைக்குப் பக்கம் அது. இரண்டும் ஒருசேரத் தள்ளாமல் ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்தால், அந்த எல்லையில் உள்ள ஒலி கரைந்துவிடும். குடமே அகப்படாது. அளவுநாடாவில் தூரம் சமமாக இருந்தாலும் போதாது, பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும்.

சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். 80 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனியை ஸ்பீக்கரிலும் சப்வூஃபரிலும் ஒன்றாக ஓடவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்பி ஃபேஸ் குமிழை மெல்லத் திருகினான். ஒலி மிகவும் கூடும் இடத்தைக் காதால் பிடிப்பது கடினம், மிகவும் குறையும் இடத்தைப் பிடிப்பது எளிது. “அண்ணா, இதற்கு மேல் குறையாது” என்று அவனே சொன்ன இடத்தில் நிறுத்தி, தள்ளுவதை இழுப்பதாக மாற்றும் துருவ மாற்றுச் சுவிட்சை மட்டும் புரட்டிப் போட்டோம். குடம் வந்துவிட்டது!

அதற்குப் பிறகுதான் மைக்கை எடுத்தேன். கைப்பேசி மைக் கீழ்த் தொனிகளுக்கு நம்பத்தக்கதல்ல. அளவீட்டுக்கென்றே, தன் பிழையைத் திருத்தும் அளவுக்கோப்புடன் வரும் யூமிக்-1 போன்ற மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் போதும். இடம் மாற்றிய பிறகும் 41-இல் கொஞ்சம் மேடு மிஞ்சியிருந்தது, அதை, தொனிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் வெட்டினேன். ஒலி குறைந்து கிடக்கும் பள்ளத்தை மட்டும் நிரப்ப முயல வேண்டாம். 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், அதையும் அந்தப் பள்ளம் விழுங்கிவிடும். பள்ளத்துக்கு மருந்து நாற்காலியை நகர்த்துவதுதான்.

சுவரில் ஒட்டும் பஞ்சுத் தகடுகளை விற்பவர்கள் பேஸும் அடங்கும் என்பார்கள். 41 ஹெர்ட்ஸின் கால் அலை இரண்டு மீட்டருக்கும் மேல்; இரண்டு அங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்? கைதட்டினால் வரும் எதிரொலியைக் குறைக்க அது உதவும், அவ்வளவுதான்.

கடைசியில் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் தொனியை ஓடவிட்டு அறையைச் சுற்றி நடந்தோம். இரும்பு பீரோவின் கதவு, ஜன்னல் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே கிரில்லில் தளர்ந்த ஒரு திருகு எல்லாம் அவரவர் தொனியில் நடுங்கின. பீரோவைக் கண்டுபிடித்தது என் மனைவி. கதவிடுக்கில் ரப்பர் துண்டு செருகியதும் அடங்கியது. குலசேகரமும் மார்த்தாண்டமும் இருக்கும் மாவட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? பெட்டியின் அடியிலும் தடித்த ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். கீழ்வீட்டில் இருப்பவர்களுக்குத் தளத்தின் வழியே இறங்கும் அதிர்வு அதனால் குறைகிறது. முழுவதும் நிற்காது என்பதால் இரவு ஒன்பதுக்கு மேல் சப்வூஃபரை மட்டும் ஆறு டெசிபல் இறக்கிவிடுகிறேன்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒன்று. உப்புக்காற்றில் ஒயர் முனையின் செம்பு பச்சை பிடித்துவிடும். அவ்வப்போது முனையை வெட்டிப் புதிதாக உரித்து மாட்டுங்கள். பழைய பெட்டி வாங்குவதானால் ஸ்பீக்கரின் அதிரும் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். பஞ்சு வளையம் நம் ஈரக்காற்றில் பொடிந்துவிடும். ரப்பர் வளையமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.