சல்லிவனுக்கு முன்னால் வந்தது யார்? விக்கிப்பீடியாவில் ஒரு மல்லுக்கட்டு

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்குவது ஒரு வேலையே இல்லை. எழுதுவதும் கஷ்டமில்லை. எழுதியது மறுநாள் காலையிலும் இருக்க வேண்டுமே, அதுதான் பாடு.

நீலகிரி பற்றிய ஒரு கட்டுரையில், மலைக்கு முதன்முதலில் வந்த ஐரோப்பியர் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், ஆண்டு 1819 என்று இருந்தது. கோத்தகிரிக்காரனான எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்தல். 1603இலேயே ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் தோடர்களைத் தேடி மேலே வந்திருக்கிறார். 1812இல் கீஸ், மக்மகன் என்று இரண்டு பேர் நில அளவைக்கு வந்தார்கள். 1818இல் வந்த விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் சல்லிவனின் உதவியாளர்களேதான். அவர்கள் கீழே போய்ச் சொன்ன கதையைக் கேட்டுத்தான் துரையே அடுத்த ஆண்டு கிளம்பினார். இதையெல்லாம் நாலு வரியில் சேர்த்து, நூல்களின் பெயரையும் போட்டேன்.

காலையில் பார்த்தால் காணோம். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் “ஆதாரமற்ற தகவல் நீக்கம்” என்று மட்டும் இருந்தது. மீளமைத்தேன், அதாவது அவர் நீக்கியதைப் பழையபடி திருப்பி வைத்தேன். நீக்கியவரும் தன் பங்குக்கு மீளமைத்தார். அவர் காட்டிய ஆதாரம் ஒரு சுற்றுலாத் தளம். அந்தத் தளம் அதே விக்கிக் கட்டுரையைப் பார்த்துக் காப்பியடித்தது என்பது என் சந்தேகம், வாக்கியம்கூட மாறவில்லை!

இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆங்கில விக்கியில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும். மூன்று முறை வரை உரிமை உண்டு என்று அதற்கு அர்த்தமில்லை, அதற்குக் குறைவாக இருந்தாலும் தொகுப்புப் போர் (மாற்றி மாற்றி நீக்கிக்கொள்ளும் சண்டை) என்று தடுக்கலாம். எனக்கும் இந்த விதியைக் காட்டித்தான் எச்சரிக்கை வந்தது. நான் சரி, அவர் தப்பு என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது. அப்புறம் ஒரு நிர்வாகி வந்து, நாங்கள் திருத்த முடியாதபடி பக்கத்தைப் பூட்டினார். பூட்டு எப்போதும் எதிராளியின் பதிப்பில்தான் விழும் என்று விக்கியர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். எனக்கும் அப்படியே விழுந்தது.

சரி என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். பதிலே இல்லை. தமிழ் விக்கியின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் கேட்டால், “பேச்சுப் பக்கத்தில் உரையாடி இணக்கம் காணுங்கள்” என்றார்கள். தாலுகா ஆபீஸில் வி.ஏ.ஓ.வைப் பார்க்கச் சொல்ல, வி.ஏ.ஓ. தாலுகா ஆபீசுக்கே திருப்பி அனுப்புவாரே, அந்தக் கதைதான். ஆங்கில விக்கியில் மூன்றாம் கருத்து கேட்க ஓர் இடம், பிணக்குத் தீர்க்க ஒரு பலகை, எல்லாவற்றுக்கும் மேலே நடுவர் குழு என்று படிப்படியாக இருக்கிறது. அந்த நடுவர் குழுகூடப் பயனர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கும், 1812ஆ 1819ஆ என்றெல்லாம் தீர்ப்புச் சொல்லாது. நம் விக்கியில் தொடர்ந்து எழுதுபவர்களே கொஞ்சப் பேர். சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளைப் பிடிப்பதே பெரும்பாடு.

ஒருவழியாக எதிராளி பதில் போட்டார்: “பக்க எண் எங்கே ஐயா?” நியாயமான கேள்விதான், ஆனால் சுற்றுலாத் தளத்துக்கு எந்தப் பக்க எண் இருந்ததாம்? பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறி ஊட்டிக்குப் போனேன். ஒரு பழைய நூலகம், பெயர் வேண்டாம். “உறுப்பினரா சார்?” இல்லை. “அந்தப் புக்கெல்லாம் பீரோவுல இருக்கு. சாவி வச்சிருக்கறவர் லீவு.” நாளைக்கு வருவாரா என்று கேட்டதற்கு, “சொல்ல முடியாது சார்.” கொட்டும் மழையில் திரும்பி வந்தேன்.

இந்தப் புலம்பலையும் பேச்சுப் பக்கத்தில் கொட்டினேன். அதைப் பார்த்த ஒரு மூத்த பயனர், “அலைய வேண்டாம் தம்பி, பதிப்புரிமை முடிந்த நூல்கள் இணைய ஆவணகத்திலேயே (archive.org) கிடக்கும்” என்று இணைப்புகளைக் கொடுத்தார். கிரிக் தொகுத்த 1880ஆம் ஆண்டு மாவட்டக் கையேட்டின் பின்னிணைப்பில் கீஸின் அறிக்கையே இருக்கிறது. தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் 1906இல் எழுதிய நூலின் பின்னிணைப்பில் ஃபெனிசியோவின் பயணம். பிரான்சிஸின் 1908 கெசட்டியரையும் இறக்கிக்கொண்டேன். பக்க எண்ணோடு ஒவ்வொன்றாக அடுக்கினேன். பழைய நூல் தேடுபவர்கள் பஸ்ஸுக்குக் காசு எடுக்கும் முன் அங்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்போதுதான் எதிராளியின் உண்மையான வருத்தம் வெளியே வந்தது. சல்லிவனின் பெயரை நான் அமுக்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது. மூத்த பயனர், எழுதிப் பார்க்கும் இடமான மணல்தொட்டியில் ஒரு வரைவு போட்டார். மலையில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் வாழ்ந்துவந்தது முதலில். அடுத்து 1603, 1812, 1818. அதன்பின் 1819இல் சல்லிவன், 1822இல் ஊட்டியில் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா, ஊர் வளர்ந்த விதம். சல்லிவனுக்குத் தனிப் பத்தியே கிடைத்தது. எதிராளி ஒரு கமாவை மட்டும் மாற்றிவிட்டு “சம்மதம்” என்று எழுதினார். பூட்டு திறந்தது.

என் பாட்டி சொன்ன பழைய மலைப்பாதைக் கதைகளையும் சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அச்சில் வந்த ஆதாரம் இல்லாமல் முடியாது என்று அந்த இருவருமே ஒரே குரலில் மறுத்தார்கள். அதில் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

போன வாரம் யாரோ புகுபதியாமல் வந்து “முதல் ஐரோப்பியர் சல்லிவன்” என்று மறுபடி மாற்றிவிட்டுப் போனார். நான் கண்காணிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் பார்த்துவிட்டு நான் கையை வைப்பதற்குள் அது மீளமைக்கப்பட்டிருந்தது. செய்தவர் என் பழைய எதிராளி. சுருக்கத்தில், “பேச்சுப் பக்கம் பார்க்க, பக்க எண்களுடன் ஆதாரம் உள்ளது.” ஒரு நன்றியைத் தட்டிவிட்டேன்.