சிவப்பு மெழுகு பாட்டில்

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்த பெரியம்மா பையன், பையிலிருந்து மேக்கர்ஸ் மார்க் விஸ்கி பாட்டிலை எடுத்து வைத்தான். கழுத்தில் சிவப்பு மெழுகு ஒழுகி அப்படியே உறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது மேல என்னத்தையோ கொட்டிக்கிச்சா?" என்றார் அம்மா. கொட்டவில்லை, அதுதான் அந்தப் பாட்டிலின் அழகே. யோசனை மார்ஜி சாமுவேல்ஸுடையது, பெயர் வைத்ததும் அவர்தான்.

அவருடைய கணவர் பில் சாமுவேல்ஸ் 1953இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லொரெட்டோவில் ஒரு பழைய வடிசாலையை வாங்கினார். இது போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி வகை. போர்பன் என்றால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறணும். கூட வழக்கமாகச் சேர்க்கும் ரை தானியம் காரமடிக்கும் என்று அதை விட்டுவிட்டுக் கோதுமையைப் போட்டார். சரி, எந்தக் கலவை நன்றாயிருக்கும் என்று வடித்து ஊறவைத்துப் பார்த்தால் வருஷக்கணக்காகுமே, அதனால் ஒவ்வொன்றையும் ரொட்டியாகச் சுட்டுத் தின்று பார்த்தார்களாம்! எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான், நம்ம பக்கம் புது ராகி வந்தால் முதலில் ஒரு களி கிண்டிப் பார்ப்பதில்லையா? முதல் பாட்டில் வந்தது 1958இல்.

இத்தனையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "காலியானதும் கொடுங்கடா, மணி பிளான்ட் வைக்கலாம்."