சேந்தமங்கலத்து சாரா

எர்ணாகுளத்திலிருந்து வடக்குப் பரவூர் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. “ஜூதப் பள்ளி” என்றால் போதும், சேந்தமங்கலத்தில் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கு முன்னால் இறக்கிவிடுகிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் யூதப் பள்ளிக்குப் போகும் கூட்டத்தில் பாதி கூட இங்கே வருவதில்லை. அதனால் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

பள்ளிக்கு முன்னால் ஒரு கல் நட்டிருக்கிறது. இஸ்ரவேலின் மகள் சாராவின் கல்லறைக் கல், ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறை எழுத்துகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “யார் பெத்த பொண்ணோ, எழுநூறு வருஷமா பேர் நிக்குதே.”

உள்ளே, மரப்படியேறி மாடிக்குப் போனோம். பெண்கள் உட்காரும் இடம் மாடியில்தான், மரச் சட்டத் தடுப்புக்குப் பின்னால். பார்த்ததும் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கம் இன்னொரு வாசிப்பு மேடை இருக்கிறது. கீழே நடுவில் ஒரு மேடை இருக்க, மாடியிலும் ஒன்று வைப்பது கேரளத்து யூதப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. அந்நாளில் ஓய்வுநாளிலும் திருநாள்களிலும் யூதர்களின் மறைநூலான தோராவின் சுருளை மேலே கொண்டுவந்து இங்கேதான் வாசிப்பார்கள். வாசிப்பவர் பெண்களுக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்பார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களும் இல்லை இவர்கள். எபிரேயம் படித்தவர்கள், வாய்விட்டுப் பாடியவர்கள். கல்யாண வீடுகளில் இவர்கள் பாடிய மலையாளப் பாட்டுகளை ஆண்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளைக் கையால் நோட்டில் எழுதி, அம்மாவிடமிருந்து மகள் என்று கைமாற்றிக் காத்தவர்களும் பெண்களே.

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடும் நினைவுக்கு வந்தது. வட்டெழுத்தில் இருக்கும் அதைப் படித்துக்காட்டினால் தமிழனுக்குப் பாதி புரிந்துவிடும்: பகல்விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, குடை, தோரணம். இந்த உரிமைகள் ஆண்மக்களுக்கு மட்டுமில்லை, பெண்மக்களுக்கும் உண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் மன்னன்.

அப்புறம் மட்டாஞ்சேரி. 1568-இல் கட்டிய பரதேசிப் பள்ளி. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்களைப் பரதேசிகள் என்பார்கள். செருப்பில்லாமல்தான் உள்ளே விடுவார்கள். சீனத்திலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். எல்லாரும் தரையையும் சரவிளக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ஏ. பி. சேலம் ஞாபகம்தான். அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு இந்தப் பள்ளியில் அந்தக் காலத்தில் பெஞ்சில் இடம் கிடையாது, தோரா வாசிக்க அழைப்பும் கிடையாது. அந்த வகுப்பில் பிறந்து வக்கீலான சேலம், காந்தி வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். வைக்கத்தில் தெருவுக்காக நடந்தது இங்கே பெஞ்சுக்காக நடந்தது. கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்தன. கல்யாணத்தில் மட்டும் தளரவில்லை: 1950-இல் அவர் மகனும் பரதேசி வீட்டுப் பெண்ணும் பம்பாய்க்குப் போய்த்தான் மணம் முடித்தார்கள். சேலத்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஊரே எதிர்த்தபோது துணிந்து கிளம்பிய அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர் துணிச்சல் பெரிதாகப் படுகிறது.

யூதத் தெருவுக்குப் பின்னால் வீடுகளுக்கு நடுவே நமியா மோத்தாவின் கல்லறை. 1615-இல் மறைந்த எபிரேயக் கவிஞர். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் அக்கம்பக்கத்துப் பெண்கள் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். அம்மாவும் ஒன்று ஏற்றினார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

1950-களில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். பாட்டு நோட்டுகளும் கூடவே போயின. கொச்சியிலிருந்து போன பாட்டிகள் அங்கே மேடையேறிப் பாடியிருக்கிறார்கள், அதே மலையாளத்தில். போகிறவர்கள் கவனத்துக்கு: வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் மட்டாஞ்சேரிப் பள்ளி பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும்.