நெட் தேர்வுக்கு அடாப்டர் புரதங்களைப் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் பாடத்திட்டத்தில் செல் சிக்னலிங், புற்றுநோய் இரண்டுமே நான்காவது யூனிட்டில்தான் வருகின்றன. சிக்னலைக் கடத்தும் புரதங்களை ராஸ், ராஃப், மெக், எர்க் என்று அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்துவிட்டு நகர்கிறவர்கள் அதிகம். ஆனால் யோசித்து விடை காண வேண்டிய பார்ட் சி-யில் "இந்த அமினோ அமிலத்தை மாற்றினால் என்ன ஆகும்?" என்ற பாணியில் கேட்டால் அம்புக்குறி கைகொடுக்காது.

நான் ஒரே ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டேன்: நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற இணைப்புப் புரதம். 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உருவாகும், ஓயாமல் வேலை செய்யும் கைனேஸ், அதாவது புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் என்சைம் இது. இதன் பிசிஆர் பகுதியிலுள்ள 177ஆவது டைரோசினில் பாஸ்பேட் ஏறியதும் ஜிஆர்பி2 வந்து ஒட்டுகிறது. ஜிஆர்பி2 என்சைமே இல்லை; மற்ற புரதங்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் அடாப்டர் புரதம். நடுவில் எஸ்எச்2 என்ற ஒரு பகுதி, இரு பக்கமும் எஸ்எச்3 என்ற ஒவ்வொரு பகுதி, அவ்வளவுதான். எஸ்எச்2 பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கும். எஸ்எச்3 புரோலின் நிறைந்த பகுதியைப் பிடிக்கும். அப்படி எஸ்எச்3 பிடித்து வந்து சேரும் சாஸ் என்ற புரதம் ராஸை முடுக்க, சிக்னல் எர்க் வரை போகிறது. கூடவே கேப்2 என்ற இன்னொரு அடாப்டரும் வந்து, பாஸ்பேட் ஏறி, பிஐ3கே என்ற என்சைமைச் சேர்த்துக்கொள்கிறது. அது ஏகேடி என்ற கைனேஸுக்கு வழி. ஒரே டைரோசினிலிருந்து இரண்டு பாதைகள். இந்தப் படத்தைப் பார்க்காமல் வரைய வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அதையே உடைத்துப் பாருங்கள். 177இல் டைரோசினுக்குப் பதில் பினைல்அலனின் வைத்தால்? பாஸ்பேட் ஏற வேண்டிய ஹைட்ராக்சில் மட்டும்தான் போகிறது. கைனேஸ் அப்படியே வேலை செய்யும். ஆனால் ஜிஆர்பி2 ஒட்டாது, எலிகளில் அந்த மைலாய்டு நோயும் வழக்கம்போல் உருவாவதில்லை. "கைனேஸ் செயல்படுவதால் நோய் வரும்" என்ற ஆப்ஷன் பொறி.

எந்த எஸ்எச்2 எங்கே ஒட்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள். டைரோசினுக்கு அப்புறம் இரண்டாவது இடத்தில் அஸ்பராஜின் இருந்தால் ஜிஆர்பி2. மூன்றாவது இடத்தில் மெத்தியோனின் என்றால் பிஐ3கே-யின் பி85 என்ற துணை அலகு. மற்ற அடாப்டர்களின் பட்டியலை நான் பெரிதாகத் தொடவில்லை.

கிர்க்எல் (CRKL) மட்டும் விதிவிலக்கு. பிசிஆர்-ஏபிஎல் நேரடியாக பாஸ்பேட் ஏற்றும் அடாப்டர் என்பதால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் இதைத்தான் அளக்கிறார்கள். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம் கொடுத்துக் கேட்க வாகான இடம். பிசிஆர்-ஏபிஎல்லைத் தடுக்கும் இமாடினிப் மருந்தைக் கொடுத்ததும் பாஸ்பேட் ஏறிய கிர்க்எல் பட்டை மங்கும். பிசிஆர்-ஏபிஎல்லில் டி315ஐ (T315I: 315ஆவது இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலியூசின்) மாற்றம் உள்ள செல்லில் மருந்து வேலை செய்யாததால் மங்காது.